தீக்குச்சி கொடுத்த கட்சி

மணியம் வீட்டார் பெண் கேட்டு வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் புனிதா கணவனிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு நாளு, அந்தப் பேச்ச மட்டும் எடுக்காதீங்க."

வசந்தன் அப்போதுதான் சுங்கை ஊடாங்கிலிருந்து இரவு வேலை முடித்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். எந்தப் பேச்சு என்று அவன் கேட்கவில்லை.

"அவன் எடுத்தா?"

"அவரு எடுத்தாலும்."

"அவன் எடுப்பான்லா."

"எடுக்கட்டும். நீங்க வாயில ஒரு முறுக்க வச்சி மென்னுக்கிட்டிருங்க."

வசந்தனுக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. ஆலையின் ஆள் அல்ல, கொண்ட்ராக்டரின் ஆள். இரவெல்லாம் குழாய்களையும் வால்வுகளையும் சுற்றிப் பார்த்து, எங்காவது கசிந்தால் சொல்ல வேண்டும். இந்த வேலையில் களைப்பதெல்லாம் கால்தான். மூளைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மூளை சும்மா கிடக்காது. அது, ஒரே ரப்பர்த் தோட்டத்தில் கூட வளர்ந்த மணியத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

என்ன சண்டை என்றால், இந்த நாட்டில் நம் தமிழ் ஆட்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கிக் கிடக்கிறார்களே, அதற்கு யார் காரணம் என்பதுதான். பிறர் என்பான் வசந்தன். நாமேதான் என்பான் மணியம். முப்பது வருஷத்துக்கு மேலாக, கல்யாணத்தில், கருமாதியில், கோயில் திருவிழாவில், கண்ட இடத்தில் எல்லாம் இதேதான். கடைசியாக மலாக்கா டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருவரும் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து எதிரெதிர் வாசல் வழியாகப் போனார்கள். அதோடு முகம் பார்ப்பதும் நின்றது.

பிள்ளைகள் அதைச் சட்டை செய்யவில்லை. வசந்தனின் மகள் ஷாமினியும் மணியத்தின் மகன் பவனும் டுரியான் துங்கால் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். படிப்பு முடிந்து இருவரும் வேலைக்குப் போன பிறகுதான் வீட்டில் சொன்னார்கள். ஷாமினி சொன்ன விதம் அவள் அப்பாவைப் போலவே இருந்தது.

"பவனத்தான் கட்டிக்குவேன். ஆனா உங்கள மதிக்காத வீட்டுக்கு நான் போவ மாட்டேன். அதுக்காக வேற மாப்பிள்ளையும் பாக்க வேணாம். நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க. இல்லன்னா நான் இப்படியே இருந்துடுறேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் வசந்தனுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் மணியத்தின் கார் வந்தது. தாமான் குடியிருப்பின் குறுகிய சந்தில் அந்தப் பெரிய வண்டியை நிறுத்த இடமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் தன் மோட்டோவை நகர்த்தினார். முதலில் மணியத்தின் மனைவி சுசீலா இறங்கினாள். மலாக்கா டவுனில், தெங்கேராவிலேயே பிறந்து வளர்ந்தவள், தோட்டம் என்பதைக் காரில் போகும்போது மட்டும் பார்த்தவள். பின்னால் பவன் பழத் தட்டும் பூத்தட்டுமாக இறங்கினான். கடைசியாக மணியம். தலையில் முடி கொட்டியிருந்தது. லோரி கம்பெனி முதலாளிக்குரிய தொப்பை இருந்தது. நடை மட்டும் அதே நடை, ஒரு தோளை முன்னால் தள்ளிக்கொண்டு.

"வாங்க" என்றான் வசந்தன்.

"என்னடா வாங்க போங்கன்னு" என்றான் மணியம். "வயசாயிடுச்சா?"

தட்டுகளை மேசையில் வைத்தார்கள். இந்த வீட்டுத் தட்டுகளும் தயாராக இருந்தன. பேசி முடித்துத் தட்டு மாற்றிவிட்டால் சம்பந்தம் உறுதி. மாற்றாமல் எடுத்துக்கொண்டு போனால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் அந்த மேசையின் கணக்கு.

முதல் அரைமணி நேரம் நன்றாகவே போயிற்று. தோட்டத்துக்காரர்கள் இருவர் சேர்ந்தால் வேறு எதைப் பேசுவார்கள். அவர்கள் வளர்ந்த ஏழாங்கட்டைத் தோட்டம் இப்போது இல்லை. பாதி கோல்ஃப் மைதானம், பாதி வீடமைப்பு. புல் வெட்டுகிற வண்டி ஓடும் இடத்தில் எங்கே ரப்பர் பால் ஸ்டோர் இருந்தது, எங்கே கிணறு இருந்தது என்று இரண்டு பேரும் முறுக்குத் துண்டுகளை மேசையில் அடுக்கி சுசீலாவுக்கு வரைபடம் காட்டினார்கள்.

"இது தண்டல் வீடு" என்று மணியம் ஒரு பெரிய துண்டை வைத்தான். "இந்தா நிக்குறாளே புனிதா, இவங்க அப்பாரு. விடியக்காலயில ஆளுங்கள வேலைக்குக் கெளப்ப விசிலு அடிச்சாருன்னா லயத்து வீடு மொத்தமும் நடுங்கும்."

"எங்கப்பா விசிலுக்கு நீங்க எங்க நடுங்குனீங்க" என்றாள் புனிதா. "போத்திக்கிட்டுத் தூங்குனீங்க."

வசந்தன் தோட்டத்தை நினைத்து உருகுகிறவன் அல்ல. காலுக்குக் கீழே சேறு, மூக்குக்கு மேலே ஆசிட் நாற்றம், மழைக்காலத்தில் கூரை ஒழுகல், ஒரே அறையில் ஏழு பேர். அதைப் பொற்காலம் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் அவனுக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலங்கள் வேறு. அவற்றை மட்டும் அவன் எதற்கும் கொடுக்க மாட்டான்.

"பட்டிமன்றத்த சொல்லுடா" என்றான் மணியம். குரல் இளகியிருந்தது.

"தோட்டத்துலயா? பட்டிமன்றமா?" என்றாள் சுசீலா.

"பின்ன? பெரட்டுக்களத்துல. காலையில பேரு கூப்புடுற அதே எடத்துல. சனங்க பால் வாளியக் கவுத்துப் போட்டு ஒக்காருவாங்க. கைதட்ட மாட்டாங்க, வாளியத் தட்டுவாங்க. நல்லா பேசுனா அந்தச் சத்தம் துரை பங்களா வரைக்கும் போவும். மட்டமா பேசுனா ஒரு வாளி பேசாது."

"எப்பவும் நாங்க ரெண்டு பேருதான்" என்றான் வசந்தன். "வேற யாருக்கும் பேச வராது. எந்தக் கட்சின்னு நாங்களா எடுத்துக்க முடியாது. ரெண்டு தீக்குச்சி. ஒன்ன ஒடச்சி, தல மட்டும் தெரியற மாதிரி புனிதா கையில பிடிச்சிருப்பா. உருவிப் பாக்கணும். நீளத்துக்கு ஒரு கட்சி, கட்டைக்கு ஒரு கட்சி, எது வருதோ அதத்தான் பேசணும்."

"புனிதாதான் மணி அடிக்கறதும்" என்றான் மணியம். "தண்டல் வீட்டுலதான் கைக்கடியாரம் இருந்துச்சு."

"அதோட முடியாது அண்ணி" என்றாள் புனிதா சுசீலாவிடம். "தேத்தண்ணி குடிச்ச பொறவு கட்சி மாறணும். மொதப் பாதியில எத ஒடச்சாங்களோ, ரெண்டாவது பாதியில அதையே தூக்கி நிறுத்திப் பேசணும். அதே வேகத்துல."

சுசீலா சிரித்தாள். "அரசியல்வாதிங்கள தோட்டத்துலதான் தயார் பண்ணுனாங்கன்னு சொல்லுங்க."

அந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது. பெரிய தத்துவம் ஒன்றும் இருந்திருக்காது. பேச்சாளர்கள் இருவர்தான், கூட்டமோ சீக்கிரம் கலையாது. நேரத்தை நீட்ட யாரோ கண்டுபிடித்த வழியாக இருக்கும். ஆனால் வசந்தனுக்கு அந்த நிமிஷம் இப்போதும் உடம்பில் இருந்தது. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் புனிதா ஒரு அடி அடிப்பாள். சற்று முன் வரை எதிரியாக இருந்தவனின் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். பெஞ்சு அவன் சூட்டோடு இருக்கும்.

ஷாமினி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். மணியம் அவளைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான், வாசலில் கிடந்த வசந்தனின் பூட்ஸைப் பார்த்தான். பிறகு, நல்ல மனசோடுதான், வாயைத் திறந்தான்.

"இன்னும் ராத்திரி ஷிப்ட்டுக்குத்தான் போறியா?"

"ம்."

"இந்த வயசுல வேணாம்டா. கல்யாணம் முடியட்டும், நம்ம லோரி யார்டுக்கு வந்துரு. சூப்பர்வைசர் ஆளு வேணும். ஒக்காந்த எடத்துல வேல. இனிமேயாச்சும் கொஞ்சம் முன்னேறு."

புனிதா அவசரமாக முறுக்குத் தட்டைக் கணவன் பக்கம் நகர்த்தினாள். வசந்தன் அதைத் திரும்ப நகர்த்தினான்.

"நீ பொண்ணு கேக்க வந்தியா, எனக்கு வேல போட்டுக் குடுக்க வந்தியா?"

"பாத்தியா? இதான்டா நம்ம ஆளுங்ககிட்ட" என்றான் மணியம். "ஒருத்தன் கைய நீட்டுனா, புடிச்சி ஏற மாட்டான். கைய ஏன் நீட்டுனேன்னு கேப்பான்."

"ஏங்க" என்றாள் சுசீலா.

"இரு. எந்த ஆளுங்க?" என்றான் வசந்தன். "எந்த ஆளுங்கள சொல்ற?"

அவ்வளவுதான். அணை உடைந்தது.

"சீனங்களும் கூலியாத்தான் வந்தாங்க. ஈயம் தோண்டுற லம்பத்துல முழங்கால் தண்ணியில நின்னவங்க. இன்னிக்கு எங்க இருக்காங்க? நம்ம எங்க இருக்கோம்?" என்றான் மணியம்.

"அவன் வந்தப்ப கூடவே ஒரு டவுனும் வந்துச்சு. கடை, சங்கம், கடன் குடுக்க ஆளு. நம்மள வெள்ளக்காரன் கொண்டாந்து காட்டுக்குள்ள வச்சான். கடையும் அவனுது, லயமும் அவனுது, பள்ளிக்கூடமும் அவன் நெலத்துல. வேல போச்சுன்னா வீடும் போச்சு. நூறு வருசம் பால்மரம் வெட்டுனவன் பேருல செருப்பு வைக்கக்கூட நெலம் இல்ல. மலாய்க் கம்போங்ல இருக்குறவனுக்கு ஒண்ணும் இல்லன்னாலும் நின்னுக்க அவன் தாத்தன் நெலம் இருந்துச்சு."

"அதையே சொல்லிக்கிட்டு இன்னும் எவ்வளவு நாளு? வெள்ளக்காரன் போயி எவ்வளவு காலம் ஆவுது. யாழ்ப்பாணத்து ஆளுங்க நம்ம மாதிரி கறுப்புதான். கணக்கு எழுதுற கிராணியா வந்தான், பிள்ளைய டாக்டராக்குனான்."

"அவன் இங்கிலீசு படிச்சிட்டுக் கப்பல் ஏறுனவன். நம்ம பாட்டன வெள்ளக்காரன் எழுதப் படிக்கத் தெரியாதவனா பாத்துப் பொறுக்கி எடுத்தான். கேள்வி கேக்க மாட்டான்னு. ரெண்டு பேரும் ஒரே கோட்டுலயா ஓட ஆரம்பிச்சாங்க?"

"சரி, குடி? அதுவும் வெள்ளக்காரன் வாயில ஊத்துனானா?"

"தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை வச்சது யாரு, உங்க தாத்தாவா?"

"இப்ப யாரும் வைக்கல. இப்பவும் குடிக்கறான். பிள்ளைக்குப் பரீட்ச, வீட்டுல கரோக்கே. என் லோரிக்கு ட்ரைவர் வேணும்னு கேட்டா நம்ம பையன் ரெண்டு மாசம் வர்றான், மூணாவது மாசம் ஆளக் காணோம்."

"அதே பையன் நல்ல மார்க்கு வாங்கிட்டு யுனிவர்சிட்டில சீட்டு கெடைக்காம நின்னப்ப நீ எங்க இருந்த?"

"சீட்டு, சீட்டு. உன் பொண்ணுக்குக் கெடைச்சிச்சுல்ல?"

"அவ ரெண்டு வருசம் காத்துக்கிடந்து வாங்குனா. உன் மவனுக்கு மொதல்ல காசக் கட்டித் தனியார் காலேஜு, பொறவு அதே எடத்துல சீட்டு. அத ஏன் சொல்லல?"

பவன் தலையைக் குனிந்துகொண்டான். மணியத்தின் முகம் கறுத்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான்.

"சுசீலா, தட்ட எடு."

"என்னங்க இது."

"எடுன்னு சொன்னேன். மவனுக்குப் பொண்ணு கேட்டு வந்தேன், நான் காசால வந்தவன்னு கேவலப்பட வரல."

வசந்தனும் எழுந்திருந்தான். எடுத்துக்கிட்டுப் போ என்ற சொல் அவன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அடுக்களை வாசலில் ஷாமினி நின்றாள். கையில் இருந்த துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து அந்தச் சொல் தொண்டைக்குள் நின்றது. நின்றதே தவிர இறங்கவில்லை.

அப்போது மணிச் சத்தம் கேட்டது.

புனிதா எவர்சில்வர் செம்பைக் கவிழ்த்து வைத்து, கரண்டிக் காம்பால் ஓங்கி ஒரு அடி அடித்திருந்தாள். இரண்டு ஆண்களும் திரும்பினார்கள். ஐம்பது வயது தாண்டிய இருவரின் உடம்பும் அந்த ஒரு அடிக்குத் தானாக நிமிர்ந்தது.

"மொதப் பாதி முடிஞ்சிது" என்றாள். "தேத்தண்ணியும் குடிச்சாச்சு. கட்சி மாறுங்க."

"விளையாடுறியா?" என்றான் வசந்தன்.

"யாரு விளையாடுறா? கடைசிப் பட்டிமன்றம் இன்னும் முடியல. ஞாபகம் இருக்கா, இல்ல அதையும் நான்தான் சொல்லணுமா?"

இருவருக்கும் ஞாபகம் இருந்தது. அப்போது ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய தலைப்பும் இதேதான், நம்மவர் தாழ்ந்து கிடக்கக் காரணம் நாமா பிறரா. புனிதா குச்சி பிடித்தாள். மணியத்துக்கு 'நாமே' வந்தது, வசந்தனுக்குப் 'பிறரே'. முதல் பாதியில் வாளிச் சத்தம் காதைப் பிளந்தது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது கிராணி மோட்டோவில் வந்து இறங்கி, தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்றார். எல்லாரும் எழுந்தார்கள். பெண்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். மணியம் முதல் பாதிச் சூட்டோடு, "டவுன்ல ஒரு வீடு வாங்கி வச்சிருந்தா இப்ப அழுவ வேணாம்ல" என்றான். வசந்தன் அவன் சட்டையைப் பிடித்தான். யாரும் மணி அடிக்கவில்லை. யாரும் கட்சி மாறவில்லை. இருவரும் தீக்குச்சி கொடுத்த கட்சியோடு அப்படியே கிளம்பி, ஆளுக்கொரு திசையில் போய், கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, முடி கொட்டி, இந்த மேசைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

"ரெண்டாவது பாதிய முடிங்க" என்றாள் புனிதா. "முடிச்சிட்டு அப்புறம் தட்ட எடுக்கணும்னா நானே கார்ல கொண்டாந்து வைக்கறேன்."

ஷாமினி உள்ளே போய்க் குளியலறை பிளாஸ்டிக் வாளியை எடுத்து வந்து, தண்ணீரை உதறி, கூடத்தின் நடுவில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பவன் தன் அப்பாவைப் பார்த்தான். பிறகு காலி பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"எடம் மாறுங்க அங்கிள்" என்றாள் ஷாமினி.

மணியம் மேசையிலிருந்த தட்டுகளைப் பார்த்தான். பிறகு வந்து வசந்தனின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். வசந்தன் அவன் நாற்காலிக்குப் போனான். சூடாக இருந்தது.

முதலில் வசந்தன். அவன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எத்தனை இரவுகள் குழாய்களுக்கு நடுவில் இரண்டு பக்கமும் அவனே பேசியிருக்கிறான். மணியம் சொல்வதெல்லாம் மணியத்தைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு தோளை முன்னால் தள்ளி, இல்லாத தொப்பையைத் தடவிக்கொண்டு எழுந்தான்.

"நம்ம ஆளு இருக்கானே, நம்ம ஆளு" என்று மணியத்தின் குரலிலேயே ஆரம்பித்தான். "ஒரு தோட்டம் ஒடஞ்சிச்சு, மூணு கோயில் முளைச்சிச்சு. ஏன்? சாமிக்கு எடம் பத்தலையா? இல்ல. முதல் மரியாத வாங்க மூணு தல இருந்துச்சு."

பவனின் டின் தடதடவென்று அதிர்ந்தது. சுசீலா வாயைப் பொத்திக்கொண்டாள். மணியத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியாடா பேசுறேன்?"

"குறுக்க பேசாதீங்க" என்றாள் புனிதா.

"பிள்ள டியூசனுக்குக் காசு குடுக்க யோசிக்கிறான். திருவிழாவுல பட்டாசுக்கு யோசிக்கல. கை கொடுத்தா வாங்க மாட்டான். இப்ப இன்னொண்ணு சொல்றேன்." குரல் மெல்ல மணியத்தினுடையதாக இல்லாமல் போனது. "ஒரு பையன் இருந்தான். தோட்டம் வித்த பொறவு ஸ்கூலுக்குப் போறத நிறுத்திட்டான். ஹலிமான்னு ஒரு மலாய் டீச்சர். மோட்டோ எடுத்துக்கிட்டு, மழையில, அவன் இருந்த பலகை வீட்டுக்கு வந்தாங்க. அவங்க அம்மா வீட்டுல தங்கிப் படின்னு கூப்புட வந்தாங்க. அந்தப் பையன் அன்னிக்கெல்லாம் என்ன சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்? நமக்கு எவனும் எடம் தர மாட்டான்னு. எடம் தர்றேன்னு வந்தவங்க வாசல்ல நிக்குறாங்க. இவன் பின்பக்கமா போயி கக்கூஸுல ஒளிஞ்சிக்கிட்டான். ரெண்டு தடவ வந்தாங்க. ரெண்டு தடவயும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். நேரம் இன்னும் பாக்கி இருந்தது.

"யாருப்பா அது?" என்றாள் ஷாமினி.

"இருந்தான் ஒருத்தன்."

புனிதா செம்பை அடித்தாள். "அடுத்தவரு."

மணியம் எழுந்தான். தொண்டையைச் செருமினான். "வெள்ளைக்காரர்கள் நமது முன்னோர்களை ஆசைவார்த்தை காட்டி அழைத்துவந்து" என்று இலக்கணத் தமிழில் ஆரம்பித்தான்.

"வாளி பேசல அங்கிள்" என்றாள் ஷாமினி.

"இரும்மா." அவன் வேறு விதமாகத் தொடங்கினான். தோட்டப் பள்ளிக்கூடம், கோட்டா, சட்டம் என்று நான்கைந்து வார்த்தை சொல்லி நின்றான். எல்லாம் வசந்தன் சொல்லிப் பழையதாகிப்போனவை. மணியத்தின் வாயில் அவை இரவல் சட்டை போலத் தொங்கின. அவனுக்கு வேர்த்தது. மேசையைப் பார்த்தான். முறுக்குத் துண்டுகளால் வைத்த தோட்டம் இன்னும் அங்கேயே இருந்தது.

"எங்க மாமா வீடு தெங்கேராவுல இருந்துச்சு" என்றான்.

சுசீலா நிமிர்ந்து பார்த்தாள்.

"மளிகைக் கடையில வேல பாத்தாரு. கடைக்கு மேல ஒரு ரூம்பு. தோட்டம் வித்த மறுவாரம் எங்கம்மா என்ன பெட்டியோட அங்க அனுப்பிருச்சு. ஸ்கூலுக்கு நடந்தே போவேன். லைட்டு இருந்துச்சு, தண்ணி இருந்துச்சு. ராத்திரி படிச்சா மாமா தேத்தண்ணி போட்டுக் குடுப்பாரு. மத்த சனத்தயெல்லாம் ரூமா பாஞ்சாங்ல போட்டாங்க. பலகையில நீட்டா கட்டுன வீடு. கொஞ்ச நாளைக்குத்தான்னு சொல்லி வருசக்கணக்கா போட்டாங்க. வாசலுக்கு பஸ்ஸு வராது. அங்கருந்து ஸ்கூலுக்கு வரணும்னா ரெண்டு பஸ்ஸு மாறணும், மொத பஸ்ஸுக்கே காட்டு வழியில நடக்கணும். அங்க இருந்த பையன் ஒருத்தன் வகுப்புல எப்பவும் எனக்கு முன்னால நின்னவன். நான் அவன பாத்துத்தான் எழுதுவேன்."

மணியம் ஒரு முறுக்குத் துண்டை எடுத்துத் தள்ளி வைத்தான்.

"படிப்ப முடிச்சேன். மாமாதான் முதலாளிகிட்ட சொல்லி லோரி அட்டெண்டரா சேத்துவிட்டாரு. அங்கருந்துதான் எல்லாம். நான் ஒழைச்சேன். அது பொய் இல்ல. ரோட்டுல தூங்கியிருக்கேன். ஆனா அவனும் ஒழைச்சான்லா. இப்ப வரைக்கும் ராத்திரி முழுக்க நடக்குறான். எனக்கும் அவனுக்கும் நடுவுல என்ன இருந்துச்சு? குடியா? சோம்பேறித்தனமா? ஒரு மாமா. எனக்கு டவுன்ல ஒரு மாமா இருந்தாரு. அவனுக்கு இல்ல. அந்தத் தோட்டத்துல பாதிப் பேருக்கு மேல இல்ல. அவங்கள அப்படியொரு மாமா இல்லாம காட்டுக்குள்ளயே வச்சது நாம இல்ல, பிறரு. அதான் என் கட்சி."

ஷாமினி உட்கார்ந்திருந்த வாளியை இரண்டு கையாலும் அடித்தாள். பவன் டின்னை அடித்தான். சின்ன வீடு, பிளாஸ்டிக் வாளி, சத்தம் பெரிதாக வரவில்லை. அவள் எழுந்து, மண்டியிட்டு, உள்ளங்கையால் இன்னும் ஓங்கி அடித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சந்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

சத்தம் அடங்கியதும் வசந்தன் கேட்டான், கோபமாகத்தான்.

"இத்தன வருசத்துல இத ஒரு தடவ சொல்லியிருந்தா என்னடா?"

"அது என் கட்சி இல்லையே" என்றான் மணியம். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது போல் இருந்தது. "நீ மட்டும் அந்த டீச்சர் கதைய சொன்னியா?"

வசந்தன் முறுக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"யாரு ஜெயிச்சதுன்னு சொல்லலையே" என்றாள் சுசீலா.

"தோட்டத்துலயும் தீர்ப்பு கெடையாது அண்ணி. வாளிச் சத்தம்தான். சத்தம் நின்னா வீட்டுக்குப் போயிடுவாங்க" என்றாள் புனிதா. "இப்ப சொல்லுங்க, தட்ட நான் கார்ல வைக்கணுமா?"

மணியம் குனிந்து பழத் தட்டை எடுத்தான். ஒரு கணம் யாருக்கும் தெரியவில்லை, அதைச் சுசீலாவிடம் கொடுக்கிறானா என்று. மேசையைச் சுற்றி வந்து வசந்தனிடம் நீட்டினான்.

"புடி."

வசந்தன் வாங்கிக்கொண்டான். பிறகு தன் வீட்டுத் தட்டை எடுத்து அவனிடம் கொடுத்தான். முகூர்த்தம் பார்க்கவில்லை, மந்திரம் சொல்லவில்லை. வேர்வை வாசனையோடு, அப்படியே மாற்றிக்கொண்டார்கள். ஷாமினி கையில் இருந்த துணி எப்போதோ கீழே விழுந்திருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பினார்கள். காரின் அருகே மணியம் வசந்தனைத் தனியாக இழுத்தான்.

"யார்டு வேலய கேவலமா நெனச்சி சொல்லலடா."

"தெரியும்."

"வர்றியா?"

"சம்பந்தி கம்பெனியில கைகட்டி நிக்க என்னால ஆவாது. வேற நாளு வச்சிக்கலாம் அந்தப் பட்டிமன்றத்த."

மணியம் தலையாட்டினான். கார்க் கதவைத் திறந்தவன் மறுபடி மூடினான்.

"ஆமா, அன்னிக்கு எனக்கு வந்தது நீளக் குச்சிதான?"

"உனக்கு எங்க நீளம்? நீளம் எனக்கு."

"டேய். நீளக் குச்சி வந்தவன்தான மொதல்ல பேசுறது? நான்தான மொதல்ல பேசுனேன்?"

"நீ மொதல்ல பேசுனியா? நான் பேசி வாளி அடங்க அஞ்சு நிமிசம் ஆச்சு, அதுக்கப்புறம் நீ வந்த."

"புனிதா, நீயே சொல்லும்மா."

"எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்" என்றாள் புனிதா வாசலிலிருந்து. "ரெண்டு பேருல எவன் ஜெயிப்பான்னு நானே பயந்துக்கிட்டு நின்னேன்."

எவன் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தாள் என்பதை அவள் சொல்லவில்லை. இருவரும் கேட்கவும் இல்லை. சுசீலா காருக்குள்ளிருந்து ஹாரனை அழுத்தினாள். வண்டி சந்தில் மெல்லப் பின்னோக்கி ஊர்ந்தது. முனையில் திரும்பும்போது கண்ணாடி இறங்கி மணியத்தின் தலை வெளியே வந்தது.

"நீளம் எனக்குத்தான்டா."

"போடா" என்றான் வசந்தன்.

அவனுக்கு அன்றிரவும் ஷிப்ட் இருந்தது. அதற்கு முன் சற்று நேரம் படுக்கப் போனவன் கூடத்தில் கிடந்த வாளியை எடுத்துப் பார்த்தான். அடியில் நீளமாக விரிசல் விட்டிருந்தது. இனி தண்ணீர் நிற்காது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வேறு வாங்க வேண்டும் என்றாள் புனிதா. அவன் அதைத் தூக்கிப் போடாமல், குப்புறக் கவிழ்த்து, வாசற்படி ஓரத்தில் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.